மூன்றாவது சோதனை

மார்ச் 3

அக்காவுக்கு,

எத்தனை தடவை அழைத்தாலும் ஒரே மணியோடு அறுந்துபோகிறது. போன் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு, நீ என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய் என்பது ஜோசியம் பார்த்தா தெரிய வேண்டும்? அதோடு விட்டாயா? என் எண்ணை மோசடி எண் என்று புகாரும் அனுப்பியிருக்கிறாய். அந்தப் புகார் எங்கள் அறைக்கே வந்தது. பக்கத்து மேஜைக்காரன் உரக்கப் படித்தான்: "இவன் என் தம்பி. நம்பத் தகுந்தவன் இல்லை." அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பழிக்குப் பழி ஆயிற்று. இனியாவது போதும்.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ ஏமாந்த செய்தியை நான் எழுந்து நின்று வாசித்தது தப்புதான். ஆனால் நீயே சொல். 'உங்கள் பார்சல் முகவரி இல்லாமல் நிற்கிறது' என்று வந்தால், நாம் எந்தப் பார்சலுக்கும் சொல்லவில்லையே என்று ஒரு நொடி யோசிக்க வேண்டாமா? வங்கி அட்டையின் முன்புறம், பின்புறம் இரண்டையும் படம் எடுத்து அனுப்பிய ஒரே ஆள் என் உடன்பிறந்தவள் என்று நான் எங்கே போய்ச் சொல்வேன்?

கேட்டுக்கொள். அவசரப்படுத்தினால் பொய். இத்தனை மணிக்குள் என்று கெடு வைத்தால் பொய். தெரியாத எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்கவே எடுக்காதே. நீ எதற்காக ஏங்குகிறாயோ அதையே நீட்டினால் அது நூற்றுக்கு நூறு பொய். வந்ததை அப்படியே புகார் எண்ணுக்குத் தள்ளிவிடு, பிறகு அந்த எண்ணைத் தடுத்துவிடு. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். என் எதிரே நாளுக்குத் தொள்ளாயிரம் செய்திகள் ஓடுகின்றன. பார்த்ததுமே சொல்லிவிடுவேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

மன்னிப்புக் கேட்கக் காகிதம் எடுத்தவன் பாதியில் மறந்துபோய் மறுபடியும் பல்லைக் காட்டியிருக்கிறாய். உன் பிறவிக் குணம்.

நீ வாசித்ததுகூடப் பெரிதில்லை. பதினோரு பேர் சிரித்ததும் பெரிதில்லை. உன் அத்தான் சிரித்தார். காது மந்தமான மனுஷன், நீ வாசித்தது அவருக்குப் பாதிகூடக் கேட்டிருக்காது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார். அந்தப் பார்சல் செய்தியில் போனது அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வர வைத்திருந்த காசு. அதுகூடத் தெரியாமல் சிரித்தார். அதுதான் என்னைச் சுட்டது.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். வாரத்தில் மூன்று நாள் தெருக்கோடி மையத்தில் அவருக்கு ரத்தத்தைக் கழுவி ஏற்றுகிறார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் எழுதி நாலு வருஷம் ஆகிறது. படிவத்தை நிரப்பியதே நீதான். உன்னுடையதும் பொருந்தவில்லை, என்னுடையதும் பொருந்தவில்லை. இனி எங்கோ யாரோ சாக வேண்டும், அவர் வீட்டார் மனம் இரங்க வேண்டும், அது இவருக்குப் பொருந்த வேண்டும். இப்படி எழுதவே கை கூசுகிறது, ஆனால் தினமும் இதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். அவருக்குக் கேட்காது என்று என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறோம். போன் சிணுங்கினால் போதும், தைத்துக்கொண்டிருக்கும் கால்சட்டையோடு எழுந்து ஓடுகிறேன். அந்தப் பார்சல் செய்திக்கும் அப்படித்தான் பதறினேன். எல்லோரையும் சிரிக்கவைத்தாயே, இதை நினைத்தாயா?

உன் எண்ணைத் திறக்க மாட்டேன். சொல்ல வேண்டியது இருந்தால் தபால்தலை ஒட்டு.

அக்கா

*

மார்ச் 21

அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்லாமல் பொய்ச் செய்தி அனுப்புவோம். அதிலுள்ள லிங்க்கைத் தொட்டுவிட்டால் அன்று எல்லோருக்கும் அவன்தான் டீ வாங்க வேண்டும். மூன்று தடவைக்குள் யாரும் தேறிவிடுவார்கள். அதே சோதனையை உனக்கும் வைத்தேன்.

'தையல் மிஷினுக்கு இலவச மோட்டார், குலுக்கலில் உங்கள் எண் விழுந்துள்ளது.' ஞாபகம் வருகிறதா? நான்தான். நாலு நிமிஷத்தில் தொட்டாய். 'இன்று மாலை உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்.' அதுவும் நான்தான். நாற்பதே நொடி. அக்கா, எல்லோரும் போகப்போகத் தேறுவார்கள், நீ ஒருத்திதான் போகப்போகத் தேய்கிறாய்!

என்னை நாலு வார்த்தை திட்டு, பரவாயில்லை. வெளியே இருப்பவன் திட்டு வாங்கிக்கொண்டு போக மாட்டான், வீட்டையே வாரிக்கொண்டு போவான். மூன்றாவது ஒன்று வரும். எப்போது, எந்த வேஷத்தில் என்று சொல்ல மாட்டேன். உனக்கு எது வலிக்குமோ அங்கேதான் கை வைப்பேன். அவர்களும் அங்கேதான் வைப்பார்கள்.

தம்பி

*

மார்ச் 28

டேய்,

இரண்டாவதைத் தொட்டதும் போன் திரையில் ஒரு கழுதை பல்லை இளித்துக்கொண்டு வந்து 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்' என்றது. எதிரே ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஜாக்கெட் அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் "பாவம்"னு சொன்னாள். யாரைப் பார்த்து? உன் அக்காவைப் பார்த்து. நம் அம்மா உனக்குச் சோறு போட்டாளா, வேறு எதையாவது போட்டு வளர்த்தாளா?

அன்று மிஷினில் உட்கார முடியவில்லை. உன் அத்தான், "என்னாச்சு, யாருக்கு என்ன?"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் காதுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அதனால் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

சரி. வைத்துக்கொள்ளலாம். உன் முதல் கடிதத்தை நூல் தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துவிட்டேன். அவசரமா, பொய். கெடுவா, பொய். ஏக்கமா, பொய். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது ஒருதரம், மாலை மூடிவைக்கும்போது ஒருதரம் படிக்கிறேன். இந்த ஒரு வாரத்தில் ஒன்பது செய்தியைப் பிடித்து உங்கள் புகார் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே கடை வைத்திருக்கும் சாவிக்காரர்கூட, "இது நெசமா பொய்யா பாரும்மா"ன்னு போனைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருகிறார்.

அனுப்புடா உன் மூன்றாவதை. நீயா நானா பார்த்துவிடுவோம்.

அக்கா

*

ஏப்ரல் 24

என் அருமைத் தம்பிக்கு,

தோற்றுப்போனாய். மூக்குடைந்து போனாய். வெட்கம் என்று ஒன்று இருந்தால் இந்தக் கடிதத்தை உன் ஆபீஸில் எழுந்து நின்று வாசி.

நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு ஏதோ ஓர் எண்ணிலிருந்து இரண்டு தரம் அழைப்பு. எடுக்கவில்லை. தெரியாத எண்ணை எடுக்காதே என்றது யார், நீதானே! அப்புறம் செய்தி வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன், உன் திறமையை நீயே ரசி: 'உங்கள் நோயாளிக்குப் பொருத்தமான சிறுநீரகம் கிடைத்துள்ளது. இரண்டு மணி நேரத்துக்குள் இந்த எண்ணில் உறுதி செய்து, உடனே புறப்பட்டு வரவும்.'

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. அவர் பெயர் இருந்தது, வயது இருந்தது, பதிவு எண்கூட இருந்தது. கால் தானாக எழுந்துவிட்டது. அப்புறம் நூல் தட்டைப் பார்த்தேன். அவசரம் இருக்கிறது. கெடு இருக்கிறது. ஏக்கம் இருக்கிறது. பதிவு எண்ணா? படிவம் நிரப்பியவனுக்குத் தெரியாத பதிவு எண்ணா! வலிக்கிற இடத்தில் கை வைப்பேன் என்று எழுதியவன் நீ. ஆனால் இங்கே வைப்பாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை. நீயெல்லாம் மனுஷனா?

புகார் எண்ணுக்கு அனுப்பினேன். அந்த எண்ணைத் தடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியா?"ன்னு கேட்டார். காதருகே குனிந்து, "உங்க மச்சான் விளையாடுறான்"னு சொன்னேன். அன்று போலவே சிரித்தார்.

தேறிவிட்டேனா? சொல். இனி உன் சோதனையும் வேண்டாம், நீயும் வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். நீ தேறிவிட்டாய். அந்த மாதிரி ஒன்றை அனுப்பியிருக்கக் கூடாது. காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடு.

ஒரே ஒரு உதவி. அந்த எண்ணை மட்டும் திறந்துவிடு. அது ஆபீஸ் எண், தடுத்து வைத்திருந்தால் எனக்குத் திட்டு விழும். தள்ளிப்போடாதே, இன்றே திறந்துவிடு.

அத்தான் எப்படி இருக்கிறார்? மூச்சு வாங்குகிறதா? கால் வீக்கம் எப்படி?

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

உனக்குத் திட்டு விழும் என்றா கவலைப்படுகிறாய்? விழட்டும் என்றுதான் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

'ஆமாம், நான்தான் அனுப்பினேன்' என்று உன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய் பார், அதை நகல் எடுத்து உன் கம்பெனித் தலைமை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உங்கள் ஊழியர் ஆஸ்பத்திரி பெயரால் சாகக்கிடக்கும் மனுஷனோடு விளையாடுகிறார், இவரை வைத்துக்கொண்டா மோசடியைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். மோசடியைப் பார்த்தால் புகார் கொடு என்று நீதானே கற்றுக்கொடுத்தாய். குருவுக்குத் தட்சிணை.

அந்த எண்ணைத் திறக்க முடியாது. எனக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் என்றுகூட வைத்துக்கொள். அத்தான் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்க வேண்டாம். கால் வீங்கினால் எனக்கு அமுக்கிவிடத் தெரியும்.

அக்கா

*

மே 20

அக்காவுக்கு,

வேலை போய்விட்டது. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு கீழே அனுப்பிவிட்டார்கள். உன் மேல் எனக்குக் கோபமில்லை. நிஜமாகவே இல்லை.

நான் இனி அந்த ஆபீஸில் இல்லை. அதனால் எனக்காக இல்லை, உனக்காகக் கேட்கிறேன். அந்த எண்ணைத் திறந்துவிடு அக்கா. ஏன் என்று கேட்காதே. ஒருதரமாவது நான் சொல்வதைக் கேள். உன் வாசலுக்கே வந்து நின்றேன், மிஷின் சத்தம் கேட்டது, கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

தம்பி

*

ஜூன் 16

தம்பிக்கு,

நேற்று மூன்று மாதப் பரிசோதனைக்காக அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். பட்டியலைப் பார்க்கும் நர்ஸம்மா கம்ப்யூட்டரைத் திறந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, ஏப்ரல்ல கூப்பிட்டோமே, ஏன் வரல?"ன்னார்.

யாரும் கூப்பிடவில்லையே என்றேன். திரையை என் பக்கம் திருப்பினார். ஏப்ரல் 23. மத்தியானம் மூன்று மணி. இரண்டு அழைப்பு, ஒரு செய்தி. அந்தச் செய்தியை நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. மனப்பாடம். ஆஸ்பத்திரிக்கு எண் மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்ததாம்.

அந்தச் சிறுநீரகம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போயிற்று. அவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், நன்றாக இருக்கிறார் என்று நர்ஸம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்.

உன் அத்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் "எல்லாம் சரியா?"ன்னு கேட்டார். தலையாட்டினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுது. நீ அனுப்பாத செய்தியை அனுப்பினேன் என்று ஏன் எழுதினாய்? அது நிஜம் என்று உனக்கு என்றைக்குத் தெரியும்?

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் ஏப்ரல் 29 காலையில் வந்தது. படித்து முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மூன்றாவது சோதனையை நான் அனுப்பவே இல்லை. உன்னைக் காக்கவைத்து வேடிக்கை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றே ஆபீஸுக்கு ஓடினேன். உன் புகாரைப் பார்த்தது யார் என்று தேடினேன். அக்கா, அது என் மேஜைக்குத்தான் வந்திருக்கிறது. எங்களுக்கு மூன்று பொத்தான். மோசடி, நல்லது, விசாரி. விசாரி என்று அமுக்கினால் அந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும், நாலு நிமிஷம் போகும், தொள்ளாயிரம் எட்டாது. நான் மோசடி என்று அமுக்கியிருக்கிறேன். எடுத்துக்கொண்டது மூன்று நொடி. புகார் கொடுத்தவர் எண்ணோ, நோயாளி பெயரோ எங்கள் திரையில் வராது, மறைத்துத்தான் காட்டும். ஆனால் சிறுநீரகம் என்ற சொல் வந்தது. அதைப் படித்துவிட்டு, 'எப்படியெல்லாம் யோசிக்கிறானுங்க பார்'னு பக்கத்து மேஜைக்காரனிடம் சொன்னதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அமுக்கியதால் அந்த எண் ஆறு நாள் எங்கள் இணைப்பு வைத்திருக்கும் யாருக்குமே போகாமல் கிடந்திருக்கிறது. நான்தான் போய்ச் சொல்லித் திறக்கவைத்தேன். வேலை போனது உன் புகாரால் இல்லை. அதை விசாரித்தபோது இது வெளியே வந்தது, அதனால்தான்.

உன்னிடம் ஏன் பொய் சொன்னேன் என்றால், அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. உண்மையைச் சொல்லி என்ன வரப்போகிறது? நீ உயிரோடு வெந்துபோவாய். நான் கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், உனக்குப் பழகியதுதானே என்று நினைத்தேன். நாலு வருஷத்தில் ஒன்று வந்ததே, இன்னொன்றும் வராமலா போகும், அப்போது எண் திறந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். உனக்கு நான் செய்த ஒரே நல்லது அந்தப் பொய்தான். அதையாவது நம்பு.

தம்பி

*

ஜூன் 29

தம்பிக்கு,

நீ செய்த நல்லதைப் பற்றி எழுதுகிறேன்.

கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் அந்த நோயாளியின் பெயரைத் தூங்கவைத்துவிடுவார்களாம். நீக்க மாட்டார்கள், பட்டியலிலேயே இருக்கும், ஆனால் எது வந்தாலும் அந்தப் பெயரைத் தாண்டிப்போய்விடும். ஆள் நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த நிமிஷமே எழுப்பிவிடுவார்களாம். அதைச் சொல்லத்தான் ஏப்ரல் கடைசியிலிருந்து அவர்கள் என்னை ஏழு தரம் அழைத்திருக்கிறார்கள். நான் தடுத்துவைத்திருந்தேன்.

மே 27-ஆம் தேதி இன்னொன்று வந்தது. இவருக்கு முதலாவதைவிடப் பொருத்தமாம். நர்ஸம்மா பதினைந்தாம் தேதியே இதைச் சொன்னார். முதலில் உன் பதில் வரட்டும் என்றுதான் போன கடிதத்தில் எழுதாமல் வைத்திருந்தேன். இவர் பெயர் தூங்கிக்கொண்டிருந்தது. தாண்டிப் போய்விட்டது.

ஏப்ரல் 29 அன்று நீ உண்மையை எழுதியிருந்தால், உன்னைக் கொல்லும் ஆத்திரத்தோடாவது நான் பஸ் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் அழுது புரண்டிருப்பேன். அழப் போன இடத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மே 20 அன்று எழுதியிருந்தாலும் ஒரு வாரம் இருந்தது. வாசல்வரை வந்தாயே, கதவைத் தட்டியிருந்தாலும் போதும். நான் வெந்துபோவேன் என்று பயந்தாய். நான் வெந்தால் என்னடா? அவர் பிழைத்திருப்பார்.

செய்தியை நம்பாதது நான். அதை உன் தலையில் கட்ட மாட்டேன், அதை நான் சாகும்வரை சுமப்பேன். இரண்டாவது உன்னுடையது. அதில் எனக்குப் பங்கு கிடையாது.

பதினைந்தாம் தேதியே கையெழுத்துப் போட்டு அவர் பெயரை எழுப்பிவிட்டோம். ஆனால் முந்தாநாள் டாக்டர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். இதயம் வீங்கிவிட்டதாம், இனி மயக்கமருந்து தாங்காதாம். பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காகிதம் என் மிஷின் டிராயரில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. போன் வெளிச்சம் போட்டால் இன்னும் தலையைத் தூக்கி, "ஆஸ்பத்திரியா?"ன்னு கேட்கிறார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கேட்கிறார். எனக்கு வாய் வரவில்லை. வரவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வா. பழம் கிழம் எதுவும் வாங்கிவராதே. அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டுவைப்பேன். வந்து கைநழுவிப்போன இரண்டையும் நீயே அவரிடம் சொல். காதருகே குனிந்து சொல். ஒருதரம் சொன்னால் அவருக்குக் கேட்காது, கேட்கும்வரைக்கும் சொல்.

அக்கா